பூவையும் புல்லையும் கிட்டத்தில் பார்க்க எதை வாங்கலாம்?

கேள்வி: செடிகொடிகளை நெருக்கமாகப் பார்க்க ஆசை. புல்லின் பூ, இலை மேல் இருக்கும் மயிர் எல்லாம் தெரிய வேண்டும். கடையில் 10 மடங்கு, 30 மடங்கு, 60 மடங்கு என்று கை லென்ஸ்கள் இருக்கின்றன. 60 மடங்குக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், 10 மடங்கு வாங்குங்கள். செடிகளை இனம் பிரிப்பவர்கள் வெளியில் எடுத்துப் போவதும் பெரும்பாலும் அதைத்தான்.

மடங்கு கூடக் கூட, ஒரே சமயத்தில் கண்ணில் படும் பரப்பு சுருங்கும். துல்லியமாகத் தெரியும் ஆழமும் குறையும். லென்ஸை இன்னும் நெருக்கிப் பிடிக்கவும் வேண்டியிருக்கும். 10 மடங்கில் பூவிலிருந்து ஏறக்குறைய 25 மி.மீ. தள்ளிப் பிடிக்கலாம். 20 மடங்கில் அதில் பாதிதான். உங்கள் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும்.

60 மடங்கு என்பதை நம்பவும் முடியாது. உண்மையிலேயே அத்தனை மடங்கு என்றால் அதன் குவியத் தூரம், அதாவது தூரத்து வெளிச்சத்தை லென்ஸ் ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம், 4 மி.மீ. அளவில்தான் இருக்கும். அப்படிப்பட்ட லென்ஸ் ஒரு பாசிமணி அளவுக்குச் சிறியதாக இருக்குமே தவிர, கட்டைவிரல் அகலத்துக்கு இருக்காது. சரிபார்க்க எளிய வழி உண்டு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதன் முன்னால் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஜன்னலின் உருவம் தலைகீழாக, தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, தாளுக்கும் லென்ஸின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரத்தை மி.மீ.யில் அளந்துகொள்ளுங்கள். 250-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மடங்கு. வெயில் நேராக அடிக்கும் ஜன்னலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், தாள் பற்றிக்கொள்ளும்.

அப்புறம், ‘ட்ரிப்ளெட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த லென்ஸ் அது. ஒற்றைக் கண்ணாடியில் ஓரங்களில் வரும் வளைவும் வண்ணக் கோடும் இதில் பெருமளவு அடங்கிவிடும். கட்டம் போட்ட தாளை லென்ஸ் வழியாகப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நடுவில் நேராக இருக்கும் கோடு ஓரத்தில் வில்லாக வளைந்தால் அந்த லென்ஸை வைத்துவிடுங்கள்.

10 மடங்கில் என்ன தெரியும் என்கிறீர்களா? அறுகம்புல்லின் கதிரை எடுங்கள். விரல்களைப் போல் விரிந்த ஒவ்வொரு கிளையின் ஒரு பக்கத்திலும் சிறு சிறு பூங்கதிர்கள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். பூத்திருக்கும் நேரமானால் மெல்லிய காம்பில் மகரந்தப் பைகள் தொங்குவதையும், இறகு போன்ற ஊதா நிறச் சூலகமுடியையும் பார்க்கலாம். காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிக்கத்தான் அந்த இறகு. தினம் மிதித்துப் போகும் புல்லில் இத்தனை அழகு இருக்கிறது! இலையும், தண்டைச் சுற்றிய உறையும் சேரும் இடத்தையும் பாருங்கள். அங்கே சில புற்களில் சவ்வு இருக்கும், சிலவற்றில் மயிர் வரிசை இருக்கும். புல் இனங்களைப் பிரித்தறிய அது முக்கியமான அடையாளம். தொட்டாற்சுருங்கியின் இளஞ்சிவப்புப் பந்து ஒரு பூ அல்ல, பல பூக்களின் கூட்டம் என்பதும், அந்த நூல்கள் அவற்றின் மகரந்தத் தாள்கள் என்பதும் லென்ஸில் பார்த்த உடனே விளங்கும்.

கேள்வி: நல்ல 10 மடங்கு லென்ஸ்தான் வாங்கினேன். ஆனால் எல்லாம் மங்கலாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். லென்ஸைப் பூவின் மேல் நீட்டிப் பிடித்து, தள்ளி நின்று பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். மறு கையால் பூவை எடுத்து, தெளிவு வரும்வரை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். லென்ஸ் பிடித்த கையும் பூ பிடித்த கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் நடுக்கம் அடங்கும். வெளிச்சம் பூவின் மேல் விழும்படி திரும்பி நில்லுங்கள். இப்படிப் பார்த்தும் தெளியவில்லை என்றால் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா இருக்கிறது. பூக்களைப் பெரிதாகப் படமெடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்குவதா, எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதுமா?

பதில்: 50 மி.மீ. லென்ஸ் கைவசம் இருந்தால் ட்யூபில் தொடங்குங்கள். அது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெறும் குழாய், உள்ளே கண்ணாடி கிடையாது. ட்யூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எவ்வளவு பெருக்கம் கூடும் என்று தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. ட்யூப் போட்டால் பொருளின் அளவில் பாதி சென்சாரில் விழும். வாங்கும்போது உலோகத் தொடுமுனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத மலிவு ட்யூபில், இன்றைய பல லென்ஸ்களின் துவாரத்தை (வெளிச்சம் நுழையும் திறப்பை) கேமராவிலிருந்து மாற்ற முடியாது. ட்யூப் மாட்டியிருக்கும்போது தூரத்துக் காட்சி தெளியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பூப்படம் எடுப்பதில் மனம் ஊன்றிவிட்டால் மேக்ரோ லென்ஸ் வாங்குங்கள். ஆனால் ‘மேக்ரோ’ என்ற எழுத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பல ஜூம் லென்ஸ்களில் அந்தச் சொல் இருக்கும், பெருக்கமோ மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கோடு நின்றுவிடும். விவரக் குறிப்பில் 1:1 என்று இருக்க வேண்டும். அப்போதுதான் 36 மி.மீ. அகலச் சென்சாரை 36 மி.மீ. அகலமுள்ள பூ நிறைக்கும். 100 மி.மீ. அளவுள்ள மேக்ரோ லென்ஸ் எனக்குப் பிடித்த தேர்வு. முழுப் பெருக்கத்திலும் பூவுக்கும் லென்ஸ் முனைக்கும் நடுவே 13 முதல் 15 செ.மீ. வரை கிடைக்கும், நிழல் விழாது.

எதை வாங்கினாலும் ஆழம் குறைவுதான். 1:1 பெருக்கத்தில், துவாரம் எஃப் 8 என்று வைத்தால், தெளிவாக விழுவது ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே. லேசான காற்றே பூவை அதைவிட அதிகமாக நகர்த்திவிடும். அதனால் காசு மிச்சமிருந்தால் இன்னொரு லென்ஸுக்குச் செலவிடாமல், தரையோடு தாழ்கிற ட்ரைபாடும், காம்பைப் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப்பும் வாங்குங்கள்.

கேள்வி: ‘2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா’ உள்ள போன் பூப்படத்துக்கு நல்லதா?

பதில்: அதற்காக அந்தப் போனை வாங்காதீர்கள். பெரும்பாலும் அது கேமராக்களின் எண்ணிக்கையைக் கூட்ட வைத்ததுதான். அல்ட்ராவைட் (அகலமான காட்சியைப் பிடிக்கும்) கேமராவில் ஆட்டோஃபோகஸ் உள்ள போன்கள் இதைவிடப் பல மடங்கு நன்றாக எடுக்கும். இருக்கிற போனே போதும் என்றால், உங்கள் 10 மடங்கு கை லென்ஸை முதன்மைக் கேமராவின் மேல் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் 1000 மடங்கு பெரிதாக்கும் என்கிறார்களே?

பதில்: கணினித் திரையில் படம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும், டிஜிட்டலில் ஊதிப் பெருக்குவதையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. குழந்தைகளோடு உட்கார்ந்து ஒரு விதையை, செம்பருத்தி மகரந்தத்தைத் திரையில் பார்க்க நல்ல கருவி. மடங்கை விட்டுவிட்டு, சென்சாரின் உண்மையான மெகாபிக்சல் எவ்வளவு, தாங்கி ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் தொல்லை தருவது அந்தத் தாங்கிதான்.

கேள்வி: பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. ஆட்டோஃபோகஸ் இல்லை. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. இவ்வளவு நெருக்கத்தில் கையால் ஃபோகஸ் செய்வதே வசதி. உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் அடாப்டர் கிடைக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இருட்டில் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறு பக்கத்திலிருந்து பாருங்கள்: சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். முன் கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தால் பாதகமில்லை. விலையைக் குறைத்துக் கேட்க அதைக் காரணமாக்கலாம். துவார இதழ்களில் எண்ணெய் படிந்திருக்கக் கூடாது. ஃபோகஸ் வளையம் கடைசிவரை சீராகச் சுழல வேண்டும். இதையெல்லாம் நேரில் பார்க்க வழியில்லை என்றால், சில நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.