அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. புதிதாக அட்மின் ஆனவர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. பழைய செயலாளர் கணக்குக் கேட்டவர்களைக் குழுவிலிருந்து தூக்கினார். பிறகு குழுவையே "அட்மின்கள் மட்டும்" என்று பூட்டினார். இப்போது பொறுப்பு உங்கள் தலையில். நீங்கள் எதைப் போட்டாலும் நாலு பேர் குத்தலாகக் கேட்கிறார்கள். அநேகமாக நீங்கள் வேலைக்கும் போகிறவர். இதற்குச் சம்பளமும் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்குப் போனைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருப்பீர்கள்.

ஏற்கெனவே வந்திருக்கும் பதில்கள் "பொறுமையாகப் பேசுங்கள், விமர்சனத்தை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. உங்கள் ஆட்கள் கேட்பது பில். இனிமையாகப் பேசி பில்லைக் காட்டாமல் விட்டால் சந்தேகம் இன்னும் கூடும்.

நாங்கள் இருப்பது மேடவாக்கம் பக்கம், 64 வீடுகள். குழாய்த் தண்ணீர் கிடையாது. இரண்டு போர், மிச்சம் லாரி. 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஜூனில் கிட்டத்தட்ட வறண்டே போயின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தார்கள். எங்கள் போர் இரண்டும் அதற்கு முன்பே காற்று வாங்க ஆரம்பித்துவிட்டன. ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகரக் கணக்கை எடுத்து, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால், எங்களுக்கு ஒரு நாளைக்கு 34,000 லிட்டருக்கு மேல் வேண்டும். 12,000 லிட்டர் லாரி மூன்று. விலை ஏறிக்கொண்டே போனது. மெயின்டனன்ஸுக்கு மேல் தண்ணீருக்கென்று தனி வசூல்.

அப்போது சி பிளாக் சார் ஒருவர் குழுவில் கேட்டார்: "லாரியில 12,000 லிட்டர் வருதுன்னு யார் அளந்தது?" பதில் இல்லை. மறுநாள் மறுபடி கேட்டார். "ஓசியில உழைக்கிறவங்களைத் திருடன்னு சொல்றீங்களா?" என்று செயலாளரிடமிருந்து நீளமான வாய்ஸ் மெசேஜ் வந்தது. அடுத்த நிமிடம் அந்த சாரைக் குழுவில் காணோம். யார் யாரை நீக்கினார் என்று குழுவில் ஒரு வரி விழுமே, அதை எல்லா வீடும் பார்த்தது. அதுவரை லாரிக் கணக்கைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்கள்கூட லிஃப்டில் "ஏதோ இருக்கு, அதான் தூக்கிட்டாங்க" என்று பேச ஆரம்பித்தார்கள்.

பழைய செயலாளர் பணம் எடுத்தாரா? பிறகு முழுக் கணக்கையும் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஒரு ரூபாய் எடுக்கவில்லை. நேர்மையான மனிதர், அந்தக் கோடையில் எங்களுக்காக லாரிக்காரர்களிடம் கெஞ்சியவர். ஆனாலும் இன்றுவரை சில வீடுகளில் அவர் மேல் அந்தப் பேச்சு இருக்கிறது. எனக்கு அது மிகவும் வருத்தம்.

அந்த வருடப் பொதுக்குழுவில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். லாரி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. குழுவின் பூட்டைத் திறந்தேன். பிறகு சி பிளாக் சார் வீட்டுக்குப் போய், "நீங்க கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல சார், நீங்களே அளந்து சொல்ல முடியுமா?" என்றேன். கட்டட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். டேப்பை எடுத்துக்கொண்டு உடனே கீழே இறங்கிவிட்டார்.

எங்கள் சம்ப், அதாவது லாரித் தண்ணீர் இறங்கும் தரையடித் தொட்டி, உள்ளளவு 16 அடிக்கு 10 அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். 12,000 லிட்டர் உண்மையாகவே இறங்கினால் மட்டம் 2 அடி 8 அங்குலம் ஏற வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு, லாரி கொட்டுவதற்கு முன்னும் பின்னும் கோல் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பல லாரிகளுக்கு 2 அடி 1 அங்குலம்தான் ஏறியது. அப்படியென்றால் சுமார் 9,400 லிட்டர். லாரிக்கு 2,500 லிட்டருக்கு மேல் குறைந்தது, வராத அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம். கோடையிலேயே அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டிருந்தால் எங்கள் வசூல் எவ்வளவோ குறைந்திருக்கும்.

அதற்குப் பிறகு கேட்டில் ஒரு நோட்டு வைத்தோம்: லாரி எண், நேரம், முன் மட்டம், பின் மட்டம், வாட்ச்மேன் கையெழுத்து, முறை வைத்து ஒரு குடியிருப்பாளர் கையெழுத்து. அன்றன்றைய பக்கத்தின் போட்டோ குழுவுக்குப் போகும். அளந்ததற்குத்தான் காசு என்றதும் ஒரு லாரிக்காரர் வருவதை நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் ஒப்புக்கொண்டார். மாதம் பிறந்ததும் பேங்க் ஸ்டேட்மென்ட்டை அப்படியே போட்டேன். நான் தட்டச்சு செய்த சுருக்கத்தைப் போட்டால் அதிலும் சந்தேகம் வரும், அதனால் பேங்க் கொடுத்த காகிதமே. கேள்விகளுக்கு ஞாயிறு காலை மட்டும் பதில் சொன்னேன். வீட்டு எண்ணோடு கேள்வியை எடுத்துப் போட்டு, கீழே பதில். தெரியாவிட்டால் "பிளம்பரிடம் கேட்டு புதன்கிழமை சொல்கிறேன்" என்று தேதியோடு எழுதினேன், புதன்கிழமை சொன்னேன். ராத்திரியில் பதில் எழுதுவதை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் எழுதும் எந்த வரியும் சண்டையில்தான் முடியும்.

கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களிடமும் மாதக்கணக்கில் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்த ஒருவர்தான் எல்லாரையும்விட சத்தமாகக் கேட்டார். "முதல்ல பாக்கியைக் கட்டச் சொல்லுங்க" என்றார்கள் கமிட்டியில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாக்கிக்குத் தனியாக நோட்டீஸ் போகட்டும், சம்ப் மட்டம் என்ன என்ற கேள்விக்குப் பாக்கி வைத்தவருக்கும் அதே பதில்தான். கெட்ட வார்த்தை, சாதிப் பேச்சு, வீட்டுப் பெண்களை இழுப்பது, இவற்றுக்கு மட்டும் நீக்கம். அதுவும் அட்மின் ஒருவராக முடிவெடுக்காமல் கமிட்டியில் இருவர் சேர்ந்து, காரணத்தைக் குழுவிலேயே எழுதி, ஒரு வாரத்துக்கு. "சின்ன அபார்ட்மென்ட், அதனால் முடிந்தது" என்று யாராவது கமென்டில் வருவார்கள். ஆயிரம் வீடு இருந்தால் பிளாக்குக்கு ஒரு நோட்டு வையுங்கள். அளவு கோல் அதேதான்.

"யாரோ எதையோ போட்டால் அட்மின் மேல் கேஸ் வரும், அதனால்தான் நீக்கினேன்" என்பதும் அடிக்கடி கேட்கும் சாக்கு. 2021 டிசம்பரில் கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில், அந்தக் குழுவின் அட்மின் வெறும் அட்மினாக மட்டும்தான் இருந்தார் என்று தெரிந்தால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் வரக்கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்றது. லாரி பில்லைக் கேட்டதற்கும் இதற்கும் எந்த சம்பந்தமும் இல்லை. உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது என்றால் ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடமே தாக்கல் செய்தாக வேண்டும். அங்கே காட்டும் கணக்கைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்ட என்ன தயக்கம்?

காட்டாமல் செய்வது என்றதும் எனக்கு எங்கள் தெரு ரோடு ஞாபகம் வருகிறது, கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லிவிடுகிறேன். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, ரோடு எங்கள் கேட்டைவிட உயரமாகிவிட்டது. மழை வந்தால் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர். நாங்கள் வெளியே போய் வருவதற்குள் வேலை முடிந்திருக்கும், ரோடு போட்டவர்கள் இருக்க மாட்டார்கள். யார் அளந்து கையெழுத்துப் போட்டார்கள் என்று எத்தனை மனு கொடுத்தாலும் ஒரு வரி பதில் வரவில்லை. 64 வீட்டுக்கு நோட்டு வைக்க எங்களால் முடிகிறதே.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீக்கப்பட்டவர்களை மறுபடி சேர்ப்பதற்கு முன் நேரில் போங்கள், முடியாவிட்டால் போன் செய்யுங்கள். திடீரென்று சேர்த்தால் கோபத்தில் அடுத்த நிமிடமே வெளியேறிவிடுவார்கள். போகும்போது கையில் அவர்கள் கேட்ட பில்லின் நகல் இருக்கட்டும். பழைய செயலாளரை உடன் அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைக்கப் பார்க்காதீர்கள். அவருக்கு அது அவமானம், கேட்டவர்களுக்கும் அது தேவையில்லை.