அம்மாவின் ரத்தத்தை எடுத்துவிடுவார்களா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. ஆவணியில் வாய்ப்புண் வந்தது. மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளெக்ஸ் என்று நாலு மாதம் ஓட்டினோம். தை பிறந்ததும் முதுகெல்லாம் கொப்புளம். பெம்பிகஸ் என்றார்கள். ஸ்டீராய்டு கொடுத்தும் அடங்கவில்லை. 'பிளாஸ்மா மாற்றணும்' என்கிறார் டாக்டர். இருக்கிற ரத்தத்தையும் எடுத்துவிட்டால் அம்மா தாங்குவாரா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: ரத்தம் அம்மாவிடமேதான் இருக்கும், மகளே. தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது டெஸ்மோகிளீன் என்ற புரதம். அதையே எதிரியாக நினைத்து உடம்பு ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிப்பதுதான் இந்த நோய். அந்த ஆன்டிபாடி மிதப்பது பிளாஸ்மா என்கிற மஞ்சள் நீரில். மெஷின் அதை மட்டும் பிரித்தெடுக்கும். அணுக்கள் உடம்புக்கே திரும்பிவிடும். எடுத்த நீருக்கு ஈடாக ஆல்புமின் என்ற புரதக் கரைசலை ஏற்றுவார்கள். ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். திசுக்களில் ஊறியிருக்கும் ஆன்டிபாடி மறுபடி ரத்தத்துக்கு வருவதால், ஒருநாள் விட்டு ஒருநாள் சில தடவை செய்ய வேண்டியிருக்கும்.

நான் பயிற்சியில் இருந்த வார்டில் இதே நோயோடு ஒரு அம்மா படுத்திருந்தார். பெட்ஷீட் புண்ணோடு ஒட்டி, உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். நர்ஸம்மா தினமும் வாழையிலையைத் துடைத்து, நரம்பு சீவி, எண்ணெய் தடவி விரிப்பார். நாலாவது பிளாஸ்மா மாற்றத்துக்குப் பிறகு புதுக் கொப்புளம் வரவில்லை. வாய் திறந்து ரசம் சாதம் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் அவர் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆன்டிபாடி குறைந்ததும் உடம்பு முன்னைவிட வேகமாகத் தயாரிக்கத் தொடங்கும். அதை அடக்குவது ஸ்டீராய்டும் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்தும்தான். இரண்டே மாதத்தில் திரும்ப வார்டுக்கு வந்தார். தயவுசெய்து டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட விடாதீர்கள். எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற ஊசியும் போடுவதாக இருந்தால், பிளாஸ்மா மாற்றி முடித்த பிறகா என்று கேளுங்கள். முன்பே போட்டால் மருந்தும் சேர்ந்து வெளியே போய்விடும்.

அம்மா பிரஷருக்கு ராமிப்ரில், ஈனலாப்ரில் மாதிரி ஏதாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். மெஷின் ஓடும்போது உதடு, விரல் நுனி மரத்தால் கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். காய்ச்சலை ஒருநாள்கூடப் பொறுக்க வேண்டாம், கிருமித்தொற்றுதான் இதில் பெரிய ஆபத்து. இது ஒட்டுவாரொட்டி இல்லை. பேரப்பிள்ளைகள் தாராளமாக ஆச்சி பக்கத்தில் உட்காரட்டும்.