மகள் இருண்ட சக்தி படிக்கப் போகிறாளாம்: களுவாஞ்சிகுடி அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. பொறியியல் வேண்டாம், பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட சக்தியைப் படிக்க விண்மீன் மண்டலங்களை ஆராயப் போகிறேன் என்று மகள் நிற்கிறாள், "இரவிரவாக வானம் பார்க்கிறதுக்கு யார் சம்பளம் தருவான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் துறையில் தொலைநோக்கிக்குள் கண்ணை வைப்பவர்கள் அபூர்வம். பெரும்பாலும் கணினியும் புள்ளிவிபரமும்தான்.

அரிசோனாவில் டெசி என்றொரு கருவி இருக்கிறது. 4 மீற்றர் தொலைநோக்கியில் 5000 ஒளியிழைகள்; ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ரோபோ ஒரு மண்டலத்துக்கு நேராகத் திருப்பும். வரும் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணிப்பார்கள். அப்படி மில்லியன் கணக்கில் சேர்த்தால் முப்பரிமாண வரைபடம். அதில் ஏறக்குறைய 490 மில்லியன் ஒளியாண்டு இடைவெளியில் மண்டலச் சோடிகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பிரபஞ்சம் பிறந்த புதிதில் ஓடிய ஒலியலையின் தடம் அது. வெவ்வேறு காலத்து ஒளியில் அந்த நீளத்தை அளந்தால் பிரபஞ்ச விரிவின் வேகம் பிடிபடும். மண்டலங்கள் கொத்தாகக் கூடும் விதமோ, கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளின் ஈர்ப்பைக் காட்டிக்கொடுக்கும். இருண்ட சக்தி காலத்தோடு பலவீனமாகிறதோ என்ற சந்தேகத்தை 2025 இல் வந்த முடிவுகள் கிளப்பியிருக்கின்றன. இன்னும் உறுதியில்லை. பிள்ளைக்கு ஆசை வராமல் என்ன செய்யும்!

சரி, சோற்றுக்கு வழி? இலங்கையில் இந்தப் பெயரில் உத்தியோகம் இல்லாத குறைதான். சில விரிவுரையாளர் பதவிகள், அவ்வளவே. ஆனால் இதற்காகப் பழகும் பைதன் என்ற கணினி மொழியும் புள்ளிவிபரவியலும் வங்கிக்கும் மென்பொருள் கம்பனிக்கும் தேவை. அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணத்தை விட்டுக்கொடுத்து மாதக் கொடுப்பனவும் தருவார்கள், காணி விற்கத் தேவையில்லை. நல்ல பெறுபேறும் ஆங்கிலமும் மட்டும் கட்டாயம்.

பொறியியலுக்கும் பௌதிக விஞ்ஞானத்துக்கும் உயர்தரத்தில் அதே இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல்தான். ஆகவே வீட்டுச் சண்டையை இசட் புள்ளி வரும்வரை தள்ளி வையுங்கள். கொழும்பு, பேராதனை கிடைக்காமல் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தாலும் அழ வேண்டாம். கணிதத்தை அங்கேயும் ஆழமாகப் படிக்கலாம்.

பரீட்சை முடிந்ததும் கிடைக்கும் இடைவெளியில் பைதன் பழகட்டும். டெசியின் முதல் தரவுத் தொகுதி இணையத்தில் இலவசம். மண்டலங்களின் தூரத்தை எடுத்துத் தானே ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கட்டும். எண்களோடு மல்லுக்கட்டப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பொறியியலை மேலே போட அப்போதும் நேரம் இருக்கும்.