மென்பொருளை பாஸ்கல் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதித் தருகிறேன் என்றால் கிளையண்ட் தயங்குகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

நான் திருநெல்வேலியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்து ரைஸ்மில்களுக்கும் கமிஷன் கடைகளுக்கும் மென்பொருள் எழுதித் தருகிறேன். பெரும்பாலும் லாசரஸில். பாஸ்கலில் புரோகிராம் எழுதவும், ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரால் அதை ஓடும் கோப்பாக மாற்றவும் உதவும் இலவசக் கருவி அது. நீங்கள் சொல்லும் தயக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில், மொழியின் பெருமையைப் பேசுவதை விட்டுவிடுங்கள். மில் முதலாளிக்கு கம்பைலர் வேகத்தைப் பற்றி என்ன வந்தது? அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அண்ணாச்சி. அவருடைய அக்கா மகன் சென்னையில் ஐடியில் இருக்கிறான். “பாஸ்கலா? அதெல்லாம் அந்தக் காலத்துச் சங்கதி மாமா” என்று போனில் சொல்லிவிட்டான். ஆனால் அண்ணாச்சி என்னிடம் கேட்டது வேறு: “அது கெடக்கட்டும். நீரு நாளைக்கு வெளியூருக்குப் போயிட்டீருன்னா இத யாருவே பாக்குறது?”

உங்கள் கிளையண்டின் மனதிலும் அநேகமாக இதுதான் இருக்கும். நியாயமான பயம். வாய்ப்பேச்சால் அது போகாது. மூலநிரல், அதாவது நான் எழுதிய சோர்ஸ் கோடு முழுவதும் அண்ணாச்சிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, பென்டிரைவில் கொடுத்தேன். லாசரஸுக்கு லைசன்ஸ் பணம் கிடையாது, யாரும் இறக்கித் திறந்து பார்க்கலாம். கணக்கு முழுக்க எஸ்க்யூலைட் என்ற இலவச டேட்டாபேஸின் ஒரே ஒரு கோப்பில் இருக்கிறது. எஸ்க்யூலைட்டை 2050 வரை பராமரிப்பதாக உருவாக்கியவர்களே அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கோப்பை பைத்தான், ஜாவா, பிஎச்பி என வேறு எந்த மொழியிலிருந்தும் படிக்கலாம். என் புரோகிராமையே தூக்கிப் போட்டாலும் அவர் கணக்கு அவரிடம் இருக்கும். அந்தக் கோப்பை மருமகனுக்கு அனுப்பி, அவனையே திறந்து பார்த்து மாமாவிடம் சொல்லச் சொன்னேன்.

மருமகனை எதிராளியாக நினைக்காதீர்கள். வீட்டில் அவர்கள் நம்புவது அவனைத்தான். 1983இல் வந்த டர்போ பாஸ்கலை எழுதிய ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பர்க்தான் 1995இல் வந்த டெல்பி என்ற பாஸ்கல் கருவிக்கும் தலைமை வகித்தார்; அப்புறம் மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப்பையும் டைப்ஸ்கிரிப்டையும் வடிவமைத்தார். லாசரஸ் அந்த டெல்பியின் வழியில் வந்தது. அண்ணாச்சியின் மருமகன் தினமும் எழுதுவது டைப்ஸ்கிரிப்ட் மொழியில். இதைச் சொன்ன பிறகு அவன் கேட்டவை நல்ல கேள்விகள்: பேக்கப் எப்படி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிந்தால் என்ன ஆகும்.

ஆனால் காரியம் முடிந்தது எடை மேடையில். பிசான அறுவடை நேரம், நெல் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஆபீஸில் விண்டோஸ் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டர். அதற்குப் புதிது வாங்கச் சொல்லவில்லை, இன்டர்நெட் கேட்கவில்லை. புரோகிராம் ஒரு எக்ஸீ கோப்பு, பக்கத்தில் அதற்குத் துணையாக எஸ்க்யூலைட்டின் டிஎல்எல் கோப்பு, அவ்வளவுதான். எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வருகிறது. லாரி ஏறியதும் எண் மேலும் கீழும் ஆடும். அது அசையாமல் நின்ற பிறகுதான் புரோகிராம் எடையை எடுக்கும். லோடு எடை, திரும்பி வந்து காலி எடை, கழித்தால் நெல். சீட்டு அடித்து வந்தது. “கரண்டு போனா?” என்றார். “நீங்களே மெயின் சுவிட்ச அணைங்க அண்ணாச்சி” என்றேன். அணைத்தார். மறுபடி போட்டதும், முதல் எடை எடுத்து உள்ளே போயிருந்த லாரி பட்டியலில் அப்படியே இருந்தது. அந்த சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணம் தந்தால் போதும் என்றும் சொன்னேன். அதற்கு மேல் மொழியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

உங்கள் கிளையண்டிடமும் ஒரு சின்னப் பகுதியை மட்டும் முதலில் முடித்து, அவருடைய மெஷினில், அவருடைய ஆளை வைத்தே ஓட்டிக் காட்டுங்கள். அவர் கையால் கெடுத்துப் பார்க்கவும் விடுங்கள்.

ஆனால் அவருக்குத் தேவை வெப்சைட்டோ மொபைல் ஆப்போ என்றால், அல்லது அவரிடமே வேறு மொழி தெரிந்த ஆள் இருந்தால், பாஸ்கலுக்காக வாதாடாதீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு டிரான்ஸ்போர்ட்காரருக்கு டிரைவர்கள் போனிலேயே டிரிப் விவரம் தெரிய வேண்டியிருந்தது, ஆபீஸில் பிஎச்பி தெரிந்த பையனும் இருந்தான். அவருக்கு பிஎச்பியில்தான் செய்து கொடுத்தேன்.