முன்பணம் வாங்கி இன்ஜினியரிங் வேண்டாம், பொன்னேரிக்கு விண்ணப்பியுங்கள்

பழவேற்காடு ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார்: மகள் அரசுப் பள்ளியில் கணக்கு-உயிரியல் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உறவுக்காரர் சொல்கிறபடி சென்னையில் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்க்கலாமா? இறால் வியாபாரியிடம் இன்னும் கொஞ்சம் முன்பணம் வாங்கினால் முதல் வருடக் கட்டணம் கட்டிவிடலாமாம். மகளோ தண்ணீர், மீன் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்கிறாள்.

கவலை புரிகிறது ஐயா. ஆனால் அந்த முன்பணத்தை வாங்காதீர்கள். மீதி மூன்று வருடத்துக்கு யாரிடம் போவீர்கள்? கடன் கழியும்வரை உங்கள் இறாலை அவர் சொன்ன விலைக்குத்தானே போட வேண்டும்? "பிள்ளையைச் சேற்றிலிருந்து கரையேற்று" என்கிற உறவுக்காரர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாரா, கேட்டுப் பாருங்கள்.

நர்சிங், ஆசிரியர் பயிற்சி பற்றியெல்லாம் ஊரே சொல்லும், விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் பக்கத்தில் பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பி.எப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம், நான்கு வருடம். நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. பழங்குடியினருக்கு 1 சதவீதம், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீதம் ஒதுக்கீடு. ஒரு சதவீதம் என்றால் விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான். அதனால் தூத்துக்குடி, தலைஞாயிறு கல்லூரிகளையும் விருப்பப் பட்டியலில் போடுங்கள். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் பழங்குடி மாணவர் உதவித்தொகை உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

"படிக்க வைத்து மறுபடி ஏரிக்கே அனுப்புவதா?" என்பார்கள். பறியை, அதாவது பிடித்த இறாலைப் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவ அனுப்பச் சொல்லவில்லை. இறால் ஏன் செத்தது என்பதை அளந்து, எழுதி, கையெழுத்துப் போடுகிற வேலை இது.

உதாரணத்துக்கு, பண்ணைக் குளத்தில் ஆக்சிஜன் அதிகம் குறைவது விடியலுக்குச் சற்று முன்பு. பகலில் ஆக்சிஜன் விடுகிற பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். ஆகவே நாலரை, ஐந்து மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். பத்து மணிக்குச் சாவகாசமாக மாதிரி எடுத்து "எல்லாம் சரி" என்று எழுதுவதால்தான் பல குளங்கள் போகின்றன. தண்ணீர் மாதிரி பிடிக்கும் பாட்டிலுக்குள் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். சும்மா மூடி லேபுக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கிற நுண்ணுயிர் வழியிலேயே ஆக்சிஜனைத் தின்றுவிடும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை. பிறகு லேபில் கந்தக அமிலத்தில் கரைத்து, தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறைகிற இடத்தைக் குறிக்க வேண்டும். ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே வந்தாலே ஏரேட்டரை, அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவியை, போட்டுவிட வேண்டும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மீட்டரை, பி.எச். முன்பே தெரிந்த 4, 7, 10 பஃபர் கரைசல்களில் சரிபார்க்காமல் எழுதிய எண்ணுக்கும் மதிப்பில்லை. மதியத்தில் பி.எச். ஏறினால் காலையில் இருந்த அதே அம்மோனியா விஷமாகிவிடும்.

உங்கள் மகளுக்கு இதில் பாதி கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி ஏறக்குறைய நன்னீராவதும், முகத்துவாரத்தை மணல் அடைத்த கோடையில் கடலைவிட உப்பேறுவதும், அதற்கேற்ப இறால் இடம் மாறுவதும் அவள் பார்த்து வளர்ந்தவை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அப்படி ஒன்று நடக்கும்போது முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்ற கணக்கு உங்கள் தரப்பில் யாரிடம் இருக்கிறது? அதை வைத்திருக்கத் தெரிந்தவர்கள் உங்கள் குடியிருப்புகளிலிருந்தே வர வேண்டும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் பண்ணையில் தொடக்கச் சம்பளம் குறைவு, இரவு வேலை உண்டு. டி.என்.பி.எஸ்.சி. மீன்துறை ஆய்வாளர் தேர்வு வருடாவருடம் வராது. அடுத்து எம்.எப்.எஸ்சி. என்கிற முதுநிலைப் பட்டம் முடித்தால் சென்னையிலேயே உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் போன்ற இடங்களின் ஆராய்ச்சித் திட்டங்களுக்கும் முயலலாம். இத்தனையும் தெரிந்த பிறகும் அவள் இதைத்தான் கேட்டால், முடிவு அவளுடையது, உறவுக்காரருடையது அல்ல.

இந்த வாரமே செய்ய வேண்டியது சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு நாள் பிடிக்கும். இரத்த உறவில் யாருக்காவது ஏற்கெனவே கிடைத்திருந்தால் அதன் நகலையும் சேர்த்து இ-சேவை மையத்தில் பதிவு செய்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். "சீட் உறுதி" என்று வருகிற ஏஜென்டிடம் அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுக்காதீர்கள். சேராவிட்டாலும் அதைத் திரும்ப வாங்கப் பணம் கேட்பார்கள்.