கணவர் எல்லாவற்றையும் தம்பி மகனுக்கு உயில் எழுதிவிட்டார், மனைவி வழக்குப் போடலாமா?

குடியாத்தத்தில் உள்ள உங்கள் பெரியம்மாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். போடலாம். சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்க ஒரு இந்துவுக்கு உரிமை உண்டு. "எனக்கு ஒன்றும் வைக்கவில்லை" என்பதற்காக மட்டும் உயில் செல்லாமல் போகாது. பூர்வீக நிலம் என்றால் அவர் பங்கு வரைதான் எழுத முடியும்.

ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு கைகொடுக்கும். உயிலில் எந்தப் பங்கும் கிடைக்காத விதவைக்கு, மறுமணம் செய்யாதவரை, சொத்தை வாங்கிக்கொண்டவர் அந்தச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் தர வேண்டும். தீர்ப்பில் அந்தத் தொகைக்குச் சொத்தின் மேல் பொறுப்பும் (அந்தச் சொத்தே தொகைக்கு ஈடாக நிற்கும் என்ற உத்தரவு) கேளுங்கள். இல்லாவிட்டால் பையன் விற்றுவிட்டுப் போய்விடுவான், அப்புறம் அலைச்சல்தான். உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு செய்த உயிலுக்கும் அது வேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.