கெய்ராங்கரில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜெர்மனியில் இருக்கும் மகன், ஜூன் மாதம் ஹாம்பர்க்கிலிருந்து நார்வே போகும் கப்பலில் எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போட்டிருக்கிறான். கெய்ராங்கர் என்ற ஊரில் கப்பல் எட்டு மணி நேரம் நிற்குமாம். அங்கே பஸ்ஸில் சுற்றிக் காட்ட இருவருக்கும் சேர்த்துக் கேட்கும் தொகை, என் பென்ஷனில் பாதி. நடந்தே பார்த்தால் போதுமா? மனைவிக்கு மூட்டு வலி உண்டு.

எம்., ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் போதும். பஸ் மலை மேலே ஏற்றிப் படம் எடுக்க வைத்துக் கீழே இறக்கிவிடும். நான் அந்த ஊரை நடந்துதான் பார்த்தேன். திரும்பப் போனாலும் நடக்கத்தான் செய்வேன்.

ஆனால் ஊர் பார்ப்பதைக் கப்பலிலேயே தொடங்கிவிடுங்கள். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம்தான் ஃபியோர்ட். கெய்ராங்கர் ஃபியோர்ட் 15 கிலோமீட்டர் நீளம். 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கப்பல் அதற்குள் நுழையும்போது விடிகாலையாக இருந்தாலும் எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். ஒரு பக்கம் ஏழு சகோதரிகள் அருவி. ஜூனில் மலைப்பனி உருகுவதால் நன்றாகக் கொட்டும். கோடை முடிவில் போகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அருவிக்குப் பக்கத்தில் க்னிவ்ஸ்ஃப்ளோ என்ற பண்ணை. தலைக்கு மேலே தொங்கும் பாறை விழுந்துவிடுமோ என்று பயந்து 1898ல் காலி செய்துவிட்டார்கள். எதிர்க்கரையில் தண்ணீரிலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில் ஸ்காகெஃப்ளோ பண்ணை. வரி வசூலிக்க ஆள் வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம், அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. அந்தச் சரிவில் ஆடு வளர்த்து, புல் அறுத்து, பிள்ளை பெற்று வாழ்ந்திருக்கிறார்கள். அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு இறங்கினால் ஊர் வேறு மாதிரித் தெரியும்.

ஊர் சின்னது. ஆண்டு முழுக்க அங்கேயே இருப்பவர்கள் சுமார் 250 பேர்தான். ஒரு பெரிய கப்பலிலிருந்து மூவாயிரம் பேர் இறங்குவார்கள். கரையோரக் கடைகளில் கூட்டம் நெரியும், அங்கே நிற்காதீர்கள். ஆறு கடலில் சேரும் இடத்துக்கு நேராகப் போங்கள். அங்கிருந்து அருவியை ஒட்டியே 327 படிகள் ஏறுகின்றன. இரும்புக் கம்பி வலைப் படிகள். நான் போன அன்று தூறல். கைப்பிடி சில்லென்று இருந்தது. குனிந்தால் வலைக்கண் வழியாகக் காலுக்கு நேர் கீழே தண்ணீர் வெள்ளையாகப் பாய்ந்தது. படி லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் பேசக் கத்த வேண்டியிருந்தது. அங்கே கால் மணி நேரம் சும்மா நின்றேன். அந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான்.

படிகள் முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஃபியோர்ட் மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் காட்சியகம் இருக்கிறது. அவசியம் பாருங்கள். இந்த மலைகள் அழகு மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. 1934 ஏப்ரல் 7 அன்று, பக்கத்திலுள்ள டாஃபியோர்டில் மலை சரிந்து கடலில் விழுந்தது. எழுந்த அலையில் 40 பேர் இறந்தார்கள். இன்றும் ஓக்னெசெட் என்ற மலையில் ஒரு விரிசல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விரிந்துகொண்டிருக்கிறது. அது சரிந்தால் சுமார் பத்து நிமிடத்தில் கெய்ராங்கருக்கு அலை வந்துவிடும். பயப்படாதீர்கள், கருவிகள் வைத்து இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள். ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் தூங்கப் போகிறார்கள். அது தெரிந்த பிறகு கீழே இருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

சரி, உங்கள் மனைவியின் மூட்டு வலி. ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குக் கஷ்டம். படியில் மெதுவாக ஏறுங்கள், நின்று பார்க்க இடங்கள் உண்டு. இறங்கும்போது படிப் பக்கமே போகாமல் தார்ச்சாலை வழியாக வாருங்கள். படியே முடியாது என்றால் போகும்போதும் அதே சாலைதான். வழியில் வெள்ளை மரத் தேவாலயம் ஒன்று வரும். 1842ல் கட்டியது, எட்டுப் பக்கங்கள் கொண்டது. அதன் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஃபியோர்ட் நன்றாகத் தெரியும். பஸ்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டும் காட்சிக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அங்கே அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் மேலே போய் வந்தாலும் சரி.

காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் வழுக்காத ஷூ வேண்டும். அப்புறம், கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரத்தைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போய் வந்ததும் இருவரும் எனக்கு எழுதுங்கள். அருவிப் படியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.